சுவர் தின்ற முட்டை

நேற்று என்ன சாப்பிட்டே என்று கேட்டார்
கோட்டையூர் ஆஸ்பத்திரியில் ஜெபமாலை சிஸ்டர்.
இருநூறு டப்பா கைமுறுக்குக்கு
எத்தனை படி அரிசி, எவ்வளவு உளுந்து,
எண்ணெய் எத்தனை டின் என்று கேட்டிருந்தால்
உறக்கத்திலும் சொல்லியிருப்பேன்.
நேற்று?
காலையில் டீ. பத்தரைக்கு டீ.
மதியம், ஒடிந்த சீப்புச்சீடை ஒரு கை.
நாலு மணிக்கு டீ.
ராத்திரி
சட்டியை வழித்தது எது, சாப்பிட்டது எது
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விரல் நுனியில் குத்தினார்.
ரத்தம் யோசித்து யோசித்து வந்தது.
ஏழு புள்ளி இரண்டு.
என் கணக்குப் பரீட்சை மார்க்கு மாதிரி இருக்கே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வயிற்றில் இருப்பதற்கு ஐந்து மாதம்.

வேற எதுவும் தின்னத் தோணுதா,
மண்ணு, சாம்பல், சாக்பீஸ்?
முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டேன்.
முறுக்குக்கு ஊறவைத்து
நிழலில் உலர்த்திய பச்சரிசி.
பல்லில் பட்டால் மாவு, நாக்கில் பால்,
ஒரு பிடியோடு நிற்க விடாது.
பச்சரிசி தின்னால் கல்யாணத்தன்று மழை என்பார்கள்.
எனக்குப் பெய்தது.
மைக்செட்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட
ஊரே சிரித்தது. நானும்தான்.

ரத்தம் இரும்பு கேக்குது, பாண்டிமீனா.
நீ அரிசியைக் குடுத்து ஏமாத்துற.

என்னைச் சுமந்தபோது அம்மா
அடுப்புச் சாம்பல் அள்ளித் தின்றாளாம்,
பெருமையாகவே சொல்வாள்.
பிறந்தபோது நான் இரண்டு கிலோ.
என் தர்ஷிகா இரண்டே கால்.
காலாவது கூடியிருக்கிறதே என்று
அன்றைக்கு நினைத்தேன்.

முறுக்குச் சுற்றுவது ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில்.
முகப்பைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.
முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவர்,
பொட்டு வைத்துக்கொள்ளலாம் அதைப் பார்த்து.
இந்த ஒரு சுவருக்கு எத்தனை ஆயிரம் முட்டை தெரியுமா
என்பான் கூட்டி வரும் பையன்,
வாரத்துக்கு ஒரு கணக்கு.
எல்லோரும் தடவிப் பார்ப்பார்கள்.
அடுப்புப் பக்கம் யாரும் வருவதில்லை,
வெக்கை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷிகா
பின்கட்டில், மழை ஒழுகிப் பூச்சு உப்பிய மூலையில்
முகத்தைச் சுவரோடு ஒட்டி நின்றாள்.
ஏய், என்னடி?
திரும்பினாள். நாக்கு வெள்ளை.
வாசமா இருக்கும்மா.
அடிக்கக் கை ஓங்கினேன்.
ஓங்கிய கையிலிருந்து
பச்சரிசி உதிர்ந்தது, அவள் தலையில், என் காலடியில்,
அட்சதை மாதிரி.
அப்புறம் எங்கே அடிப்பது.

வழியில் ஆறு முட்டை வாங்கினேன்.
எங்கள் வீட்டில் முட்டை
அவருக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாதி,
மிச்சப் பாதி அவர் காலைச் சோற்றுக்கு,
வேகவைத்த தண்ணீர் எனக்கு, பாத்திரம் கழுவ.
அன்றைக்கு அவர் வருமுன்னே
அடுப்படியில் நின்றபடி ஒன்றை உரித்து
உப்புகூடத் தொடாமல் வாயில் போட்டேன்,
களவாணி மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு.
மஞ்சள்கரு நெஞ்சை அடைத்தது.
வாசலில் தர்ஷிகா.
உனக்குமாம்மா?
எனக்குந்தான்.

தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.
இரண்டாவதை உட்கார்ந்து உரித்தேன்,
ஆளுக்குப் பாதி.
அடிவயிற்றில் ஏதோ புரண்டது,
வாயுவாகவும் இருக்கலாம்.

மாத்திரையை டீயோடு போடாதே,
அது சத்தை ஒட்டவிடாது என்றிருக்கிறார் சிஸ்டர்.
முறுக்கு வேலையில் பசியை அடக்குவது அந்த டீதான்.
நாளைக்கு நாலு மணிக்கு வரும்,
ஏலக்காய் தட்டிப் போட்டு, தூக்குவாளி நிறைய.
என்ன செய்வேன் என்று தெரியவில்லை.
முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்திருக்கிறேன்.